கோடு எந்தப் பரப்புக்குச் சொந்தம்? திரை ஆயங்களும் வரைபரப்பின் ஆயங்களும்

ரேணிகுண்டாவிலிருந்து காளத்திக்குப் பேருந்து ஏறினால் நடுவழியில் ஏர்பேடு வரும். வெங்கடகிரிக்குச் சாலை பிரிகிற ஊர்; கூடூர் ரயில் பாதையில் ஒரு நிலையம். 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஐசரும் நிலையான வளாகம் கட்டிக்கொண்டது இந்த மண்டலத்தில்தான். கரும்பலகைக்குப் பதில் திரையில் பேனாவால் எழுதிப் பாடம் நடத்துவது இன்று இப்படிப்பட்ட கல்வி நிலையங்களில் எல்லாம் பழகிப்போன காட்சி. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் காளத்தி. அங்கே மூங்கில் பேனாவால் துணியில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கலம்காரி என்ற பெயரிலேயே பேனா இருக்கிறது. கலம் என்றால் பாரசீகத்தில் பேனா.

கலம்காரி வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடுக்காயும் பாலும் ஊட்டிக் காயவைத்த துணி பல முழம் நீளம். தரையில் அமர்ந்திருப்பவரின் முன்னால் உள்ள தாழ்ந்த மேசையோ கையகலம் மாதிரி சிறியது. மேசைக்கு அடங்குகிற பகுதியை மட்டும் விரித்து, மிச்சத்தை மடித்து ஓரமாக வைத்திருப்பார். புளியங்குச்சிக் கரியால் போட்ட மெல்லிய கோடுகள் முன்பே துணியில் இருக்கும். கூர் சீவிய மூங்கிலில் நுனிக்கு மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியதுதான் கலம். இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த சாற்றில் அதைத் தோய்த்து, சுற்றிய இடத்தை விரலால் மெல்ல அழுத்தினால் சாறு நுனிக்கு இறங்கும். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கறுக்கும். இராமனின் வில்லைப் பாதி வரைந்ததும் துணியை இடப்பக்கமாக இழுத்துக்கொள்கிறார். வில்லின் ஒரு முனை மேசையை விட்டு வெளியே போய்விடுகிறது. துணியை விட்டுப் போகவில்லை. மேசையின் விளிம்பிலிருந்து எத்தனை விரற்கடை என்பது ஒரு கணக்கு, துணியின் கரையிலிருந்து எத்தனை விரற்கடை என்பது வேறொரு கணக்கு. இரண்டும் அவர் கையில் ஒரு நொடிகூடக் குழம்புவதில்லை.

கணினிக்கு இது தானாக வராது. பேனா திரையைத் தொட்டதும் இயங்குதளம் மென்பொருளுக்குச் சொல்வது மேசைக் கணக்கு மட்டும்: திரையின் இடது மேல் மூலையிலிருந்து இத்தனை புள்ளி வலப்பக்கம், இத்தனை புள்ளி கீழே. எழுதுகிறவர் பக்கத்தைப் பெரிதாக்கியிருக்கலாம், நகர்த்தியிருக்கலாம், சாய்த்து வைத்திருக்கலாம். சேமிக்க வேண்டியதோ துணிக் கணக்கு. ஒன்றை மற்றொன்றாக எங்கே மாற்றுவது, எப்போது மாற்றுவது, எந்த அலகில், எத்தனை நுட்பமாக? இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளாகப் பல விடைகள் வந்துள்ளன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு வரைபரப்புக்குச் சொந்தம். பேனா தொட்ட அந்தக் கணமே, ஒரே இடத்தில், காட்டுவதற்குப் பயன்பட்ட அதே அணியின் நேர்மாறால் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு திரை ஆயம், அதாவது அந்த மேசைக் கணக்கு, நிரலின் வேறெந்த மூலையிலும் இருக்கக் கூடாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். திரையில் (950, 600) என்ற இடத்தில் பேனா பட்டது. வரையும் சாளரத்தின் இடது மேல் மூலை திரையில் (200, 100). கழித்தால் (750, 500). இது சாளரத்துக்குள் இருக்கும் இடம். பக்கம் இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரிகிறது, ஆகவே 2.5ஆல் வகுத்தால் (300, 200). சாளரத்தின் மூலையில் இப்போது தெரிவது பக்கத்தின் (120, 340) என்ற இடம். கூட்டினால் (420, 540). அங்குலத்துக்கு 72 என்ற அச்சகப் புள்ளிக் கணக்கில், தாளின் மேல் விளிம்பிலிருந்து சரியாக ஏழரை அங்குலம் கீழே. கழி, வகு, கூட்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு.

இதே மூன்று வேலைகளை வரிசை மாற்றிச் செய்தால் என்ன ஆகிறது? வகுப்பதற்கு முன் கூட்டினால் 750உம் 120உம் சேர்ந்து 870, 2.5ஆல் வகுத்தால் 348. கோடு சரியாக ஒரு அங்குலம் இடப்பக்கம் தள்ளி விழும். செங்குத்தில் 540க்குப் பதில் 336. ஏறத்தாழ மூன்று அங்குலம் மேலே. இதில் மோசம் என்னவென்றால், பெரிதாக்காமல் நூறு சதவீதத்தில் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. ஒன்றால் வகுக்கும்போது வரிசை எப்படி இருந்தால் என்ன! நிரல் எழுதியவர் தன் மேசையில் சோதித்துத் திருப்தியோடு அனுப்பிவிடுவார். வகுப்பில் ஒரு சமன்பாட்டைப் பெரிதாக்கிக் காட்டும் ஆசிரியர்தான் முதலில் மாட்டுவார்.

இந்த இரண்டு கணக்குகளும் வேறு என்பதை முதல் வரைகலை மென்பொருளே உணர்ந்திருந்தது. ஐவன் சதர்லேண்ட் 1963இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காக எழுதிய ஸ்கெட்ச்பேட், டி.எக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரைய விட்டது. திரையில் வரையக் கிடைத்தது ஏழு அங்குலச் சதுரம்தான். ஆனால் படம் திரையின் அளவில் சேமிக்கப்படவில்லை. தனக்கென ஒரு பெரிய தாளின் ஆயங்களில் சேமிக்கப்பட்டது. 2000 மடங்கு வரை பெரிதாக்கலாம் என்பதால், அந்தத் தாள் கால் மைல் சதுரம் அளவுக்கு விரிந்தது. திரை அதன்மேல் பிடித்த பூதக்கண்ணாடி. இன்றைய மென்பொருள்கள் பல தடுமாறும் இடத்தில், முதன்முதலில் எழுதியவர் தெளிவாக நின்றிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்த ஆண்டே ராண்ட் நிறுவனத்தின் டேப்லெட் வந்தது. அது இன்னொரு பரப்பை நடுவில் சேர்த்துவிட்டது. கை எழுதுவது மேசைமேல் உள்ள பலகையில், கண் பார்ப்பது எதிரில் உள்ள திரையில். அங்குலத்துக்கு நூறு கோடு என்பது அந்தப் பலகையின் நுட்பம். இன்று வாகாம் (Wacom) நிறுவனத்தின் சில பென் டேப்லெட்டுகள் 5080 என்கின்றன. சாதாரணக் கணினித் திரையோ அங்குலத்துக்கு நூறு புள்ளி அளவில்தான் இருக்கிறது. அதாவது திரையின் ஒரு புள்ளிக்குள் பேனா ஐம்பது இடங்களைப் பிரித்தறிகிறது. இந்த இடத்தில்தான் பெரிய நஷ்டம் நடக்கிறது. சுட்டெலிக்காக எழுதப்பட்ட பழைய நிரல்கள் இடத்தை முழு எண்ணாக்கி வாங்கும். ஐம்பதில் நாற்பத்தொன்பது பங்கு நுட்பம் வாசலிலேயே கொட்டிப்போகிறது. பிறகு நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும். கை நடுங்கியது என்று எழுதியவர் தன்னையே நொந்துகொள்வார். கையில் குற்றமில்லை.

2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் புதிதாக வாங்கிய டேப்லெட்டோடு போராடினார். பலகையின் இடது மேல் மூலையில் எழுதினால் கோடு பேனாவுக்கு நேராக வந்தது. வலப்பக்கம் போகப் போக விலகியது. பலகை கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்பும் நிலையில் இருந்தார். அவர் திரையின் அளவீடு 125 சதவீதத்தில் இருந்தது. இயங்குதளம் 1000 என்ற இடத்தைச் சொல்ல, அந்த மென்பொருள் 800இல் வரைந்துகொண்டிருந்தது. நூறு சதவீதத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. எழுத்துதான் பொடியாகிப்போனது, அவர் கண்ணாடியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று முதல் இத்தகைய பிழைகளை நாடி பிடிப்பதுபோலப் பார்க்கப் பழகினேன். விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவென்றால் ஆதிப்புள்ளியில் பிழை: சாளரத்தின் தலைப்புப் பட்டையையோ கருவிப் பட்டையையோ கழிக்க மறந்திருப்பார்கள். மூலையிலிருந்து தள்ளிப் போகப் போக வளர்ந்தால் அளவில் பிழை. வட்டம் முட்டையானால் பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போகவில்லை. இரண்டு திரைகளுக்கும் சேர்த்து ஒரே பலகையை விரித்துவிட்டால் இது நிச்சயம் வரும். மேலே இழுத்தால் கோடு கீழே போகிறதென்றால் ஒய் அச்சின் குறி மாறியிருக்கிறது. சாய்த்து வைத்தால் மட்டும் கோளாறு என்றால் வரிசையில் பிழை. லினக்ஸில் இதைக் கையாலேயே திருத்தலாம். பேனாவுக்கென ஒன்பது எண்கள் கொண்ட மூன்றுக்கு மூன்று அணியை அங்கே பயனர் தானே எழுதிக்கொடுக்க வழி இருக்கிறது. மற்ற இயங்குதளங்களும் இப்படி வெளிப்படையாக இருந்திருந்தால் எத்தனை பேனாக்கள் குப்பைக்குப் போகாமல் தப்பியிருக்கும்!

அணி என்று சொன்னதால் அதையும் பார்த்துவிட வேண்டும். பக்கத்தைச் சாய்த்து வரைவது ஓவியர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. மணிக்கட்டு எந்தப் பக்கம் வளையுமோ அந்தப் பக்கம் தாளைத் திருப்பிக்கொள்வார்கள். கிரிட்டா போன்ற மென்பொருளில் பரப்பைச் சுழற்றவும் முடியும், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றவும் முடியும். இவ்வளவையும் கழி, வகு, கூட்டு என்று தனித்தனியாகச் செய்தால் ஒருநாள் வரிசை தப்பும். நகர்த்தல், பெரிதாக்கல், சுழற்றல் மூன்றையும் ஒரே அணிக்குள் அடைத்துவிட்டால், திரும்பி வருவதற்கு அதன் நேர்மாறு ஒன்று போதும். நகர்த்தல் என்பது கூட்டல் ஆயிற்றே, பெருக்கலுக்குள் எப்படி அடங்கும்? ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய் தவிர மூன்றாவதாக 1 என்ற எண்ணைச் சேர்த்தால் அடங்கும். இந்த ஒருபடித்தான ஆயங்களின் மூலம் மோபியஸ் 1827இல் வெளியிட்ட நூல். கணினி வரைகலைக்கு அதை அணி வடிவில் கொண்டுவந்தவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ், 1965இல்.

அந்த மூன்றாவது எண்ணுக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பேனா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இடமல்ல, திசை. பக்கத்தை நகர்த்தினால் திசை மாறாது, சுழற்றினால் மாறும். ஆகவே திசைக்கு மூன்றாவது எண் 1 அல்ல, 0. நகர்த்தல் தானாகவே விழுந்துவிடும். இதைக் கவனிக்காத மென்பொருளில் பரப்பைச் சுழற்றிக்கொண்டு பட்டைத் தூரிகையால் வரைந்து பாருங்கள். கோடு சரியான இடத்தில் விழும், தூரிகையின் முகம் மட்டும் வேறெங்கோ பார்க்கும்.

இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கும்போது விரலுக்கு அடியில் இருந்த எழுத்து விரலுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுதிய இடத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். செய்ய வேண்டியது இவ்வளவே: பெரிதாக்கும் முன் விரலுக்கு அடியில் இருக்கும் இடத்தின் வரைபரப்பு ஆயத்தைக் குறித்துக்கொள், பெரிதாக்கிய பின் அதே ஆயம் அதே விரலுக்கு அடியில் வரும்படி பரப்பை நகர்த்து. காளத்திப் பக்கம் இதை யாருக்கும் விளக்கவே தேவையில்லை. தன் இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டால் பார்வை போய்விடும், அப்பும் இடம் தெரியாது என்று அறிந்த கண்ணப்பர், இறைவனின் கண் இருந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டார். காட்சி மாறப்போகிறது, அதற்கு முன் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள். பொன்முகலிக் கரையில் சேக்கிழார் காட்டுகிற அந்த ஊன்றலுக்கு இணையான எடுத்துக்காட்டு எனக்கு எந்தப் பாடநூலிலும் கிடைக்கவில்லை.

இனி அலகு. வரைபரப்பை எதால் அளப்பது? மைக்ரோசாப்ட் டேப்லெட் கணினிகளுக்காக உருவாக்கிய மை வடிவம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது, அங்குலத்துக்கு 2540. திரையிலிருந்து மைக்கும் மையிலிருந்து திரைக்கும் மாற்றத் தனித்தனிச் செயற்கூறுகளைக் கையிலேயே கொடுத்தது. கணிதப் பேராசிரியர் டெனி ஓரூ எழுதிய சூர்னல் என்ற கட்டற்ற குறிப்பேடு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு என்ற அச்சுப் புள்ளியை எடுத்துக்கொண்டது. தசமத்தோடு எழுதுவதால் நுட்பம் குறைவதில்லை. இரண்டும் நல்ல வழிகளே. நிஜ உலகின் அளவு ஒன்றில் காலூன்றி நிற்பதுதான் முக்கியம். திரைப் புள்ளியை அலகாக்கிச் சேமித்த கோப்பு, திரை மாறும் நாளில் அநாதையாகிவிடும்.

அலகுக்கு அடுத்தது அச்சின் திசை. பி.டி.எப். தாளில் ஆதிப்புள்ளி கீழ் இடது மூலையில் இருக்கிறது, ஒய் மேல்நோக்கி வளர்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் காலத்து வழக்கம். ஏ4 தாளின் உயரம் 842 புள்ளி என்றால், தாளின் மேல் விளிம்பிலிருந்து எண்ணிய ஒய்யை 842இலிருந்து கழிக்க வேண்டும். ஸ்கேன் செய்த தாள்களில் ‘இதைத் தொண்ணூறு பாகை திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பும் சேர்ந்து வரும். அதைப் படிக்காத மென்பொருளில் விடைத்தாள் திருத்தினால், இங்கே நிமிர்ந்து நிற்கும் மதிப்பெண் இன்னொருவர் கணினியில் படுத்துக் கிடக்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள்கூட நெடுங்காலம் ஒய்யை மேல்நோக்கி எண்ணிவிட்டு, 2020இல் வந்த 1.0 பதிப்பில்தான் கீழ்நோக்கித் திரும்பியது.

இவை எல்லாவற்றிலும் ஆழமாகச் சிந்தித்தது இங்க்எம்எல் என்பேன். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2011இல் பரிந்துரையாக வெளியிட்ட அந்த வடிவம், எழுதிய கருவியின் ஆயத்தையும் பொதுவான வரைபரப்பின் ஆயத்தையும் வெளிப்படையாகப் பிரித்து, நடுவில் உள்ள உருமாற்றத்தையே கோப்பில் எழுதிவைக்கச் சொல்கிறது. அந்த மாற்றத்தைத் திரும்பச் செய்ய முடியுமா என்பதையும் குறிக்கச் சொல்கிறது. இவ்வளவு நேர்மையான வடிவம் அன்றாட மென்பொருள்களில் வேரூன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எப்போது மாற்றுவது என்பதற்கும் ஒரு சொல். நல்ல பேனா நொடிக்கு இருநூறு முறை அளவில் தன் இடத்தைச் சொல்லும். சாதாரணத் திரை அறுபது முறைதான் புதுப்பிக்கும். நடுவில் வந்தவை மூட்டையாகக் கட்டி வரும். வலக்கை எழுதும்போதே இடக்கை பக்கத்தை நகர்த்தினால், மூட்டையில் முன்னால் வந்தவற்றுக்குப் பழைய அணி, பின்னால் வந்தவற்றுக்குப் புதிய அணி. எல்லாவற்றையும் கடைசி அணியால் மாற்றினால் கோட்டில் ஒரு முடிச்சு விழும். துணியை இழுப்பதற்கு முன் வைத்த மையை, இழுத்த பின் உள்ள இடத்தில் யாராவது தேடுவார்களா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வகம் டேப்லெட் கணினியில் எழுதவைத்துத் திரட்டிய தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பில் 156 குறிகள் உண்டு. 2006இல் கையெழுத்து அறிதல் மாநாட்டையொட்டி நடந்த தமிழ் எழுத்துப் போட்டிக்கு அதுதான் அடிப்படை. அத்தகைய எந்தத் தொகுப்பிலும் முதல் வேலை ஆயங்களைச் சீராக்குவது: எழுத்தை ஆதிப்புள்ளிக்கு நகர்த்தி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, புள்ளிகளைச் சம இடைவெளியில் அமைப்பது. பக்கம் முழுவதும் தெரியும்படி சுருக்கி வைத்துக்கொண்டு ‘ண’ எழுதினால், ஒவ்வொரு சுழியும் திரையில் நாலைந்து புள்ளிதான் இருக்கும். முழு எண்ணாக்கினால் ஒரு சுழி நசுங்கிவிடும். அப்புறம் அது ணகரமா னகரமா?

அதைவிட மோசம், மெய்யெழுத்தின் புள்ளி. கை நடுக்கத்தை வடிகட்ட, முந்தைய இடத்திலிருந்து இரண்டு மூன்று திரைப்புள்ளி நகராத அசைவுகளை மென்பொருள் தள்ளிவிடும். பேனாவைத் தொட்டு எடுக்கிற ஒற்றைத் தட்டலுக்கு நீளமே இல்லை. அதையும் அசைவில்லாத குப்பை என்று எறிந்துவிட்டால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் சொல் வாசிக்கக் கிடைக்கும். தமிழில் புள்ளி போனால் ஒலியே மாறிவிடுகிறது. பாடல், பட்டா, மருந்துச்சீட்டு எதுவானாலும். அழிப்பானிலும் இதே சிக்கல் தலைகீழாக வரும். அழிப்பானின் அகலம் விரலுக்கு ஏற்றது, ஆகவே திரைக் கணக்கு. அழிபடும் கோடு துணிக் கணக்கு. அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுக்க மறந்தால், எட்டு மடங்கு பெரிதாக்கி ஒரு புள்ளியை அழிக்கப் போனவர் ஒரு வரியையே அழித்துவிடுவார்.

பொதுச் சட்டகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நிலம் வைத்திருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். எப்.எம்.பி. என்கிற புலப்படத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் தனக்கென்று போட்ட சங்கிலிக் கோடுகளிலிருந்து அளக்கப்பட்டது. தனித்தனியாக எல்லாம் சரி. அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்து வைத்தால் பொதுவரப்பு பொருந்தாது. ஆந்திரத்தில் 2020 டிசம்பரில் தொடங்கிய மறுஅளவை, செயற்கைக்கோள் வழியே எல்லாப் புலங்களையும் ஒரே ஆயச் சட்டகத்தில் வைக்கப் புறப்பட்டது இதனால்தான்.

எல்லையில்லாத் தாள் என்று இப்போது பல மென்பொருள்கள் வந்துள்ளன. எந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கலாம். எண்களுக்கு எல்லை உண்டே! 32 பிட் மிதவைப் புள்ளி எண் 1,67,77,216 வரைதான் ஒன்றொன்றாக எண்ணும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அலகானால், ஆதிப்புள்ளியிலிருந்து 167 மீட்டர். வகுப்பறைப் பலகைக்குத் தாராளம். ஆழமாகப் பெரிதாக்கிப் பொடிப்பொடியாக எழுதுகிறவருக்குப் போதாது, கோடுகள் நடுங்கத் தொடங்கும். 64 பிட் எண்ணில் அதே எல்லை ஒன்பது கோடி கிலோமீட்டருக்குப் போய்விடும். ஆனால் வரைகலை அட்டைகள் வழக்கமாக 32 பிட்டில்தான் வேலை செய்கின்றன. ஆகவே பார்வையின் மையத்தை 64 பிட்டிலேயே கழித்துவிட்டு, மிஞ்சும் சிறிய எண்ணை மட்டும் அட்டைக்கு அனுப்புவது நல்ல வழி. பார்வையை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய அணியோடு புதியதைப் பெருக்கிக்கொண்டே போவதும் ஆபத்து. ஆயிரம் பெருக்கலில் சிறு பிழைகள் சேர்ந்து பக்கம் இம்மி இம்மியாகக் கோணும். மையம், உருப்பெருக்கம், கோணம் மூன்றையும் எண்களாக வைத்திருந்து, தேவைப்படும்போதெல்லாம் அணியைப் புதிதாகக் கட்டுவதே பாதுகாப்பு.

புதிதாக எந்தப் பேனா மென்பொருள் கைக்கு வந்தாலும் நான் செய்வது இதுதான். திரை அளவீட்டை 125இல் வைத்துக்கொள்வேன். பக்கத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கூட்டல் குறி போடுவேன். முப்பது பாகை சாய்த்து, நான்கு மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு குறியின் நடுவிலும் பேனாவை வைத்துப் பார்ப்பேன். பிறகு பக்கம் முழுவதும் தெரியச் சுருக்கி, ஓர் ஓரத்தில் சின்னதாக ‘ஏர்பேடு’ என்று எழுதுவேன். எட்டு மடங்கு பெரிதாக்குவேன். முதலில் என் கண் போவது ‘ர்’ மேல் புள்ளி இருக்கிறதா என்பதற்குத்தான்.